இறுகிப்போன போல்ற்றும் தீவகமும்

வேலணையில் எங்களில் ஒருவரின் அம்மப்பாவுடைய வளவுக்குள் ஒரு கிணறு இருக்கிறது. கிணற்றடிக் கொட்டிலுக்குள் ஒரு வில்லியர்ஸ் மெசின். தண்ணி இறைக்கிற மெசின்தான், இங்கிலாந்தின் வூல்வர்ஹம்ற்றனில் செய்தது. துலா மிதித்து இறைத்த காலம் போய் மெசின் வந்தபோது, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்த யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் வாயில் புழங்கின பெயர்களில் இதுவும் ஒன்று. 1990இல் குடும்பம் வெளிக்கிட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு போக ஏலவில்லை. வருசக்கணக்காய் உப்புக்காத்தில் நின்றது.

போன வருசம் நாங்கள் நாலுபேர் சேர்ந்து அதைக் கழட்டிப் பூட்டி ஓடப்பண்ணுவம் என்று போனோம். யூடியூப் பார்த்த தைரியம். அரை மணித்தியாலத்துக்குள் பம்பின் மூடியைப் பிடித்திருந்த நாலு போல்ற்றில் ஒன்றின் தலையை முறித்துவிட்டோம். இன்னொன்றின் மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாகிப் போச்சு.

பிறகு ஊர்காவற்றுறைப் பக்கம் கராச் வைத்திருந்த ஒரு ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். எழுபது தாண்டினவர். மெசினைப் பார்க்க முதல் எங்கள் கையிலிருந்த ஸ்பனரைத்தான் வாங்கிப் பார்த்தார்.

"பிள்ளையள், இது என்ன சைஸ்?"

"பதினாலு, ஐயா."

"இது வெள்ளைக்காரன்ரை மெசின். உங்கடை பதினாலு ஜப்பான்காரனுக்கு."

அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ளவே எங்களுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் தொடங்குகிறது. இன்னொரு காரணமும் இருக்கு. "பொருளாதாரத் தடை வந்தபடியால்தான் எங்கடை ஆக்கள் மெக்கானிக் வேலையிலை சூரர் ஆனவை" என்று யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கிற ஒரு பெருமைக்கதை. அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் புரியைப் பற்றிச் சொல்லவேணும். போல்ற்றிலும் நட்டிலும் வெட்டப்பட்டிருக்கிற சுருளைத்தான் புரி என்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஒரு பட்டறையின் போல்ற் இன்னொரு பட்டறையின் நட்டுக்குப் போகாது. ஒவ்வொருவரும் தங்கள் எண்ணத்துக்குப் புரி வெட்டினார்கள். லண்டனில் ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் வேலைபழகின ஜோசப் விற்வேர்த், பல பட்டறைகளின் போல்ற்றுகளைச் சேர்த்து அளந்து பார்த்து, 1841இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. அங்குலத்துக்கு எத்தனை புரி என்பதும் அந்த அட்டவணையில் இருந்தது. பிரித்தானியப் பேரரசின் ரயில், கப்பல், ஆலை எல்லாம் அந்த அளவில்தான் இறுகியது. இலங்கைக்கு வந்து இறங்கின மெசின்களும் அதே பரம்பரைதான்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய பிரித்தானிய ஸ்பனரில் அடித்திருக்கிற எண், நட்டின் அகலம் இல்லை. உள்ளே போகிற போல்ற்றின் விட்டம். 5/16 என்று எழுதியிருக்கும், ஆனால் ஸ்பனரின் வாய் 0.525 அங்குலம். மில்லிமீற்றரில் 13.3. எங்களிடம் இருந்த 13 அதற்குள் போகாது. 14 போகும், ஆனால் ஆடும். அந்த முக்கால் மில்லிமீற்றர் ஆட்டத்தில்தான் நாங்கள் மூலையை மழுக்கினோம். ஐயா தன்ரை பெட்டிக்குள்ளிருந்து ஒரு கறுத்த, நீளக் கழுத்து ஸ்பனரை எடுத்துப் போட்டார். கையுறை மாதிரிப் போய்ப் பொருந்தியது.

இரண்டாம் உலகப் போரில் இந்தத் தலையிடி பெரிய நாடுகளுக்கும் வந்தது. அமெரிக்கனின் புரி 60 பாகை, பிரித்தானியனின் புரி 55. ஒரே பக்கத்தில் நின்று சண்டைபிடித்தவர்களின் டாங்கியும் லொறியும் ஒருவரின் போல்ற்றை மற்றவர் பாவிக்க முடியாமல் நின்றன. 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் ஒரு பொதுப் புரிக்கு ஒத்துக்கொண்டன. அதற்கிடையில் ஐரோப்பாவின் மெட்ரிக் அளவு பரவிவிட்டது. ஜப்பான் மெசின்கள் வந்தபோது அதுதான் எங்களிடமும் வந்தது. ஆகையால் தீவகத்தில் ஒரு பழைய கராச்சின் ஸ்பனர் பெட்டியைத் திறந்தால் இரண்டு பரம்பரையும் ஒன்றாய்க் கிடக்கும். ஐயாவின் பெட்டி அப்படித்தான். பாடப்புத்தகத்தில் குடியேற்றக் காலத்துக்கு ஒரு முடிவுத் திகதி இருக்கு. அந்தப் பெட்டிக்குள் அது இன்னும் முடியவில்லை.

சரி, ஏன் இறுகிறது?

இரும்பு கறளாக மாறும்போது இடம் கூடக் கேட்கும். கறள் இரும்பைப்போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை கன அளவு எடுக்கும். நட்டுக்கும் போல்ற்றுக்கும் இடையில் இருக்கிறதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் கறள் வளர்ந்தால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிப்போகும். உப்பு அதை இன்னும் வேகமாக்கும். உப்புப் படிந்த இரும்பு காத்திலிருக்கிற ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும், மழை பெய்யத் தேவையில்லை. தீவகத்தில் கடலிலிருந்து தூரமான இடம் என்று ஒன்று இல்லை. சோளகம் அடித்தால் ஒரு பக்கம், வாடை அடித்தால் மற்றப் பக்கம். நெடுந்தீவில் கேற்றுப் பிணைச்சல், சைக்கிள் மக்காட், கிணற்றுக் கப்பி எதைத் தொட்டாலும் கையில் கறள்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. இந்து சமுத்திரத்தின் பல கரைகளில் பலகையை ஆணி அடித்துப் பிணைக்காமல் தும்புக் கயிற்றால் தைத்துத்தான் வள்ளம் கட்டினார்கள். வெளியே இருந்து வந்தவர்களுக்கு இது அதிசயமாக இருந்தது. பலாடியுஸ் என்பவரின் பேரில் வழங்கும் ஒரு பழைய கிரேக்க நூல் அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறது: இலங்கையைச் சுற்றி ஆயிரம் தீவுகள் உண்டாம், அவற்றில் காந்தக்கல் இருக்காம், இரும்பாணி அடித்த கப்பல் கிட்டப் போனால் விடாதாம், அதனால்தான் அந்தப் பக்கம் போகிற கப்பலுக்கு மரமுளை மட்டுமாம். தீவாரைப் பற்றி வெளிநாட்டார் விட்ட ஆகப் பழைய கதைகளில் இதுவும் ஒன்றாக இருக்கவேணும். காந்தம் ஒன்றும் இல்லை. தும்பும் மரமும் கையில் கிடந்தது, இரும்பு விலை. தைத்த வள்ளம் மணலில் மோதினால் உடையாமல் வளையும். தையல் உக்கினால் பிரித்துத் திருப்பித் தைக்கலாம். கறள் பிடித்த ஆணியை அப்படிப் பிரிக்க ஏலாது, அது பலகையையும் தின்றுவிட்டுத்தான் போகும். கழட்ட முடியாத ஒன்றைப் போடாமலே விடுவது என்கிற அந்தப் புத்தி எங்களுக்குப் பிடித்திருக்கு.

பிறகு இரும்பாணிக் கப்பல்கள் வந்தன. போர்த்துக்கேயர் வந்தார்கள், கயிற்ஸ் என்கிற பெயரே அவர்களின் துறைமுகச் சொல்லிலிருந்து வந்தது. யானை ஏற்றின துறை அது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். அதில் டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. இந்தக் கப்பல்காரர் எல்லாருக்கும் வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கிற புழுவோடுதான் சண்டை. அதற்கு மருந்தாகக் கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போட்டுப் பார்த்தது பிரித்தானியக் கடற்படை. 1761இல் அலாம் என்ற போர்க்கப்பலுக்குச் செப்பு அடித்து மேற்கிந்தியத் தீவுப் பக்கம் அனுப்பினார்கள். 1763இல் திரும்பிவந்த கப்பலைப் பார்த்தால், புழு கிட்டவும் வரவில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல இடத்தில் கரைந்தே போய்விட்டன. சில ஆணிகளுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று தேடினால், தகடு சுற்றிவந்த மண்ணிறக் கடதாசியைச் சில இடங்களில் உரிக்காமல் அப்படியே அடித்திருக்கிறார்கள். கடதாசி இடையில் நின்ற இடத்தில் ஆணி தப்பிவிட்டது.

இரண்டு வேறு உலோகம் உப்புத்தண்ணிக்குள் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு பற்றரி. ஒன்று மற்றதைச் சாப்பிடும். இதற்குப் பெயர் வைக்கிற விஞ்ஞானம் வர முதலே ஒரு கடதாசித் துண்டு அதைக் காட்டிவிட்டது. 1824இல் ஹம்ப்றி டேவி இதைத் திருப்பிப்போட்டு யோசித்தார். செம்பைக் காப்பாற்ற இரும்பையோ நாகத்தையோ பலி கொடுக்கலாம் என்றார். இன்றைக்குக் குறிகட்டுவானில் கட்டிநிற்கிற வெளியிணைப்பு எஞ்சினின் அடியைப் பாருங்கள், ஒரு சாம்பல் நிறக் கட்டி பூட்டியிருக்கும். பெரும்பாலும் நாகம். எஞ்சினின் அலுமினியத்தைக் கடல் தின்னாமல் தான் கரைந்து போகிறது. நாகதீவுக்குப் போற வழியில் காவலுக்கு நிற்கிறதும் நாகம்தான் என்று எங்களில் ஒரு ஆள் சிரித்தார். கட்டி கரைஞ்சு முடிஞ்ச பிறகும் மாத்தாமல் ஓடினால் அடுத்ததாய் எஞ்சின்தான்.

இனி ஐயாவின் வேலைக்கு வருவோம்.

முதல் நாள் அவர் ஸ்பனரையே போடவில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறளை எடுத்தார். மண்ணெண்ணெயை ஒவ்வொரு போல்ற்றின் அடியிலும் சொட்டுச் சொட்டாய் விட்டார். சின்னச் சுத்தியலால் தலையில் தட்டினார். பலமாய் இல்லை, ஒரே சீராய், கன நேரம். அதிர்வில் கறள் வெடிக்கும், வெடிப்புக்குள் மண்ணெண்ணெய் போகும். பிறகு சாக்கால் மூடிவிட்டு, "நாளைக்கு" என்று போய்விட்டார். எங்களுக்கு அந்தரம். இவ்வளவு தூரம் வந்து சாக்கால் மூடவா என்றிருந்தது.

அடுத்த நாள் முதல் வேலை, கழட்டுறதுக்குப் பதிலாய் இறுக்கிப் பார்த்தது. ஒரு நூல் அளவு இறுக்கி, பிறகு தளர்த்தி, திரும்ப இறுக்கி. கறளின் பிடி எந்தப் பக்கம் முதலில் விட்டாலும் சரி. அசையாத ஒன்றுக்குக் காஸ் விளக்கால் சூடு காட்டினார். இந்தக் கணக்கை நாங்கள் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம்: 20 மில்லிமீற்றர் இரும்பு 300 பாகை சூடேறினால் 0.07 மில்லிமீற்றர் விரியும். கேட்கச் சின்ன விசயம், ஆனால் கறளின் பிடியே அவ்வளவுதான். வார்ப்பிரும்பைச் சூடாக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் நெருப்பைப் பிடிக்கக் கூடாது, சூட்டோடு தண்ணியும் ஊற்றக் கூடாது, வெடிக்கும். அலுமினியமென்றால் வேறு பயம். இரும்பைப்போல் சிவந்து காட்டாது, 660 பாகையில் சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிழும். அதற்குச் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துவிட்டுச் சூடாக்கு என்றார். சவர்க்காரம் கறுத்தால் நெருப்பை எடு. இதை நாங்கள் பிறகு வேறு மெக்கானிக்மாரிடமும் கேட்டோம், எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மூன்று போல்ற் வந்தன. நாங்கள் முறித்தது வரவில்லை. முறிந்த முனைக்கு மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளால் வெல்டிங் அடித்து, சூடு ஆற முதல் திருப்புவது ஒரு வழி. செய்தார். வெல்டிங் பிய்ந்து வந்தது. இன்னொருக்கா செய்தார், திரும்பவும் பிய்ந்தது. நடுவில் துளை போட்டு, கூம்பு வடிவான, இடப்பக்கப் புரி வெட்டின கருவியை அடித்து எடுக்கலாம்தானே என்று கேட்டோம். (பழைய காலத்தில் நாற்பட்டையான அரத்தின் வாலை அடித்தும் திருப்புவார்களாம்.) தலையை ஆட்டினார். அந்தக் கருவி முறிந்து உள்ளே நின்றால் அதைத் துளைக்கிற அளவுக்கு உறுதியான ட்றில் ஊசி கராச்சில் இருக்காது. முறிந்த போல்ற்றை எடுக்கப் போய் முறிந்த கருவியோடு நிற்கவேண்டி வரும். கடைசியில் முழுதாய்த் துளைத்துத் தள்ளிவிட்டு, ஓட்டையைப் பெருப்பித்து, 10 மில்லிமீற்றர் மெட்ரிக் புரி வெட்டினார். அவருக்கு அது தோல்வி. முகத்தில் தெரிந்தது.

அந்த மெசின் அங்கே இன்னும் இருக்கிறதே ஒரு கதை. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. சனம் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் இந்தியாவுக்குமாய்ச் சிதறியது. 1991 முடியமுதல் தீவகம் படையினரின் கைக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவர்கள் பலர் பார்த்தது சுவர் மட்டும்தான். ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. அம்மப்பாவின் வீட்டு நிலைகளை நாங்கள் நின்று பார்த்தோம். முன்பக்கக் கதவின் பிணைச்சல் இருந்த இடத்தில் ஸ்குரூ ஓட்டைகள் சுத்தமாய் இருக்கின்றன. ஆரோ ஆறுதலாய் நின்று கழட்டியிருக்கினம். பின்பக்கத்தில் மரம் பிளந்து கிடக்கு. அங்கே ஸ்குரூ இறுகியிருக்கவேணும், அலவாங்கால் கெம்பியிருக்கினம். ஆர் செய்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்லுவார்கள், சிலர் பதிலே சொல்லமாட்டார்கள். மெசினின் அடித்தளப் போல்ற் ஒன்றில் உளி வெட்டின தழும்பு இருக்கு. அதையும் கொண்டுபோகப் பார்த்திருக்கினம், ஏலவில்லை. "கறள்தான் காத்தது" என்று அம்மம்மா சொல்லுவா.

குடாநாட்டுக்கு ஓடினவர்கள் போய்ச் சேர்ந்தது பொருளாதாரத் தடைக்குள். பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, பசளை ஒன்றும் வராது. மண்ணெண்ணெய் மட்டாய் வரும், நெருப்பு விலை. பெற்றோலைச் சில சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடினது, ஜாம் போத்தலில் விளக்கு எரித்தது, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டது எல்லாம் எங்கள் வீடுகளில் கதையாய் இருக்கு. நாங்கள் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐயாவிடம், தடைக்காலத்திலா இந்த வேலையெல்லாம் பழகினீங்கள் என்று கேட்டபோது அவருக்குக் கோவம்தான் வந்தது. பழகினது எழுபதுகளில், ஊர்காவற்றுறையில், படகு எஞ்சின்களோடு. தடைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய் மானிப்பாய்ப் பக்கம் ஒரு கொட்டிலுக்குள் வேலை செய்தாராம். இறுகின நட்டுக்கு விட மண்ணெண்ணெய் இல்லை. ஒரு கரண்டி மண்ணெண்ணெய் என்றால் ஒரு வீட்டின் இரவு விளக்கு. அதனால் ஊறவிடாமல் அடித்துக் கழட்டி முறித்தது எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை.

தடை இந்தக் கையைப் பழக்கவில்லை, கையைக் கட்டித்தான் வைத்தது. உப்பு பழக்கினது, துறைமுகம் பழக்கினது, ஒவ்வொரு தலைமுறையும் கொண்டுவந்து இறக்கின வேறு வேறு மெசின் பழக்கினது. "இல்லாமைதான் எங்களை உருவாக்கினது" என்று பெருமையாய்ச் சொல்லும்போது, இல்லாமையை உருவாக்கினவர்களுக்கு நாங்களே சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறோம்.

இது பழங்கதையும் இல்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற பாதை இரும்பு. நெடுந்தீவுக்கு ஓடுகிற குமுதினிக்கும் வடதாரகைக்கும் எஞ்சின் இரும்பு. குமுதினி என்றதும் 1985 மே 15 தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்; நடுக்கடலில் பயணிகளை வெட்டிக் கொன்ற நாள். அந்தப் படகு அதற்குப் பிறகும் வருசக்கணக்காய்ச் சனத்தை ஏற்றியிறக்கியது, எத்தனையோ தரம் கரையேற்றித் திருத்தினார்கள். அது நின்றால் நெடுந்தீவில் வருத்தக்காரரும் நிற்கவேணும், ஆசிரியர்மாரும் நிற்கவேணும். ஒரு போல்ற் ஒரு நாளில் கழருதா ஒரு கிழமையில் கழருதா என்பது அங்கே சின்ன விசயம் இல்லை.

இப்போது கிறைண்டர் மலிவு. இறுகினால் வெட்டி எறி, புதுசு போடு. பல இடத்தில் அதுதான் சரியும்கூட. கிறைண்டரைக் கண்டு மூக்கைச் சுளிக்கிற ஆக்கள் நாங்கள் இல்லை. ஆனால் அலுமினிய உடலுக்குள் முறிந்த போல்ற்றுக்குக் கிறைண்டர் உதவாது. அந்தச் சோடிதான் இனிக் கூடப்போகுது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரத்துக்கு இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். டீசல் ஜெனரேற்றரை நம்பியிருந்த தீவுகளுக்கு நல்ல செய்திதான். சூரிய பனலின் சட்டம் பொதுவாய் அலுமினியம், போல்ற் ஸ்ரெயின்லெஸ். நடுவில் உப்பு. அலாம் கப்பலின் கடதாசியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க ஏலாது. போதாக்குறைக்கு, கிறீஸ் பூசாமல் வேகமாய் இறுக்கினால் ஸ்ரெயின்லெஸ் நட்டும் போல்ற்றும் கறளே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். பதினைந்து வருசம் கழித்து ஒரு பனலை மாற்றவேணும் என்றால், கழட்டத் தெரிந்த ஒரு பிள்ளை நெடுந்தீவிலேயே இருக்குமா, கொழும்பிலிருந்து ஆள் வருமட்டும் இருட்டில் இருக்கவேணுமா? ஒப்பந்தக்காரரிடம் இதை இப்பவே கேட்கலாம்.

எங்கள் மெசின் இன்னும் ஓடவில்லை, கார்பறேற்றர் பாக்கி. பம்பின் மூடி மட்டும் பூட்டியாச்சு. பூட்டும்போது ஐயா நாலு போல்ற்றின் புரிக்கும் கிறீஸ் பூசினார். பிறகு எங்களை விட்டுக் கொட்டில் சுவரில் பெயின்ற்றால் எழுதுவித்தார்: மூண்டு 5/16 பிரித்தானியம், கிணத்துப் பக்கம் உள்ளது 10 மெட்ரிக்.